சூட்டு வலியா, பிரசவ வலியா?



மாசமாக இருக்கும் பெண் 'வயிறு வலிக்குது' என்று சொல்லிவிட்டால், எங்கள் பக்கத்து வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது சீரகம்தான். ஒரு பிடி சீரகத்தை வெறும் சட்டியில் வெடிக்க வறுத்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விட்டு, கருப்பட்டி தட்டிப் போட்டு, சுடச்சுட ஒரு டம்ளர் கொடுப்பார்கள். வலி அடங்கினால் அது சூட்டு வலி. கூடிக்கொண்டே போனால் பிரசவ வலி; துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். என் அம்மாவுக்கு இப்படித்தான் பார்த்தார்கள். எனக்கும் இரண்டு பிரசவத்துக்கும் இப்படித்தான் பார்த்தார்கள். நாள் நிறைந்த பெண்ணுக்கு, ரத்தப்போக்கோ பனிக்குடம் உடைந்த அறிகுறியோ இல்லாத வரைக்கும், இதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனால் குடி முழுகிவிடாது.

ஆனால் ஏழாம் மாசத்திலும் எட்டாம் மாசத்திலும் இதே வலி வந்தால்? அப்போதும் சீரகத் தண்ணீரை வைத்து முடிவு செய்யலாமா? வீட்டில் இருக்கும் பெரியவர்களும், கர்ப்பமாக இருக்கும் சகோதரிகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. என் நாத்தனாருக்காக ஆஸ்பத்திரியில் இருந்தபோது டாக்டரம்மா தாளில் படம் போட்டுக் காட்டியதையும், நர்சிங் படிக்கிற என் அக்கா மகளிடம் பிறகு துருவித் துருவிக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டதையும்தான் சொல்கிறேன்.

2023-ம் வருஷம் வைகாசி மாதம். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக என் நாத்தனாரை அழைத்து வந்திருந்தோம். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள், 'மதினி, அடிவயிறு கல்லு மாதிரி ஆகி ஆகி விடுது. இடுப்பும் இழுக்குது' என்றாள். தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே வயிறு இறுகியது, கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து, அதன் பின்னால் மணியைக் குறிக்க ஆரம்பித்தேன். 2.10, 2.22, 2.31, 2.43... பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்துகொண்டே இருந்தது. தாய்-சேய் அட்டையைப் பார்த்து வாரத்தைக் கணக்குப் போட்டேன். 31 வாரம் முடிந்து மூன்று நாள்.

அதற்குள் என் மாமியார் சீரகத்தை வறுத்து இறக்கிவிட்டார். 'கத்திரி வெயிலு. உடம்புச் சூடு. சூட்டு வலிதான். ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் படுக்கட்டும்' என்றார். 'குடிக்கட்டும் அத்தை, குடிச்சிக்கிட்டே போவோம்' என்று சொல்லிவிட்டு நான் 108-க்குப் போன் போட்டேன். அத்தைக்குக் கோபம். ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டுகிறாள் என்று முணுமுணுத்தார்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு முன்னால் அத்தைக்கு ஒரு பிள்ளை பிறந்தது. எட்டாம் மாசம், வீட்டிலேயே. அழக்கூட இல்லையாம். 'ஏழுல பெறந்தாத் தங்கும், எட்டுல பெறந்தாத் தங்காது' என்று அன்றைக்கு ஊரே சொல்லித் தேற்றியிருக்கிறது. மகளுக்கும் அதே எட்டாம் மாசத்தில் வலி என்றால், அது சூட்டு வலியாகத்தானே இருக்க வேண்டும்? வேறு எதையும் நினைக்க அந்தத் தாய் மனசு இடம் கொடுக்கவில்லை.

ஆம்புலன்ஸில் அத்தையும் ஏறிக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு நேராகவே அழைத்துப் போனார்கள். நான் மணி குறித்த காலண்டர் தாளை நர்ஸம்மா வாங்கிப் பார்த்து, கேஸ் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார். 'எப்ப இருந்து, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தரம், தண்ணி போச்சா, ரத்தம் பட்டுச்சா, ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா, பிள்ளை துடிப்பு இருக்கா' என்று வரிசையாகக் கேட்டார்கள். இவற்றுக்கெல்லாம் பதில் கையில் இருந்தால் அங்கே பாதி வேலை குறைகிறது. சிறுநீர் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பையும் வயிறு இறுகுவதையும் ஒரு மெஷினில் பதிவு செய்தார்கள்.

அப்புறம் ஸ்கேன். இது நாம் வழக்கமாகப் பார்க்கும் வயிற்று ஸ்கேன் இல்லை. விரல் தடிமனில் ஒரு கருவிக்கு உறை மாட்டி, பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்க்கிறார்கள். என் நாத்தனார் கூச்சத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். 'மேலேயே வச்சுப் பாருங்க டாக்டர்' என்று கெஞ்சினாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் கர்ப்பப்பை வாய் சரியாகத் தெரியாது, சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது அழுத்தி, இருப்பதைவிட நீளமாகக் காட்டி ஏமாற்றிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, ஒரு பெண் நர்ஸைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, சில நிமிஷங்களில் முடித்துவிட்டார். குழந்தைக்கும் இதனால் ஒன்றும் ஆகாது. இதைக் குறிப்பாக எழுதக் காரணம், கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடும் பெண்கள் நம்மில் அதிகம். வலியோடு வந்தவளுக்கு நிஜமாகவே குறைப்பிரசவம் ஆகுமா என்று சொல்வதில் இந்தச் சில நிமிஷ ஸ்கேனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

எப்படி என்று கேட்டேன். டாக்டரம்மா ஒரு சுருக்குப் பை படம் போட்டார். நம் பாட்டிமார் இடுப்பில் செருகும் அதே சுருக்குப் பை. பைதான் கர்ப்பப்பை. கயிறு இறுக்கிய கழுத்துதான் கர்ப்பப்பை வாய். அந்தக் கழுத்து நீளமாக, மூடியபடி இருக்கும் வரை பிள்ளை உள்ளே பத்திரம். பிரசவம் நெருங்க நெருங்க அது குட்டையாகி, மெலிந்து, பிறகு திறக்கும். 24-வது வாரத்தில் அதன் நீளம் சராசரியாக 35 மில்லிமீட்டர் இருக்கும் என்று 1996-ல் அமெரிக்க ஆய்வில் அளந்து சொல்லியிருக்கிறார்கள். வலியோடு வரும் பெண்ணுக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரசவம் ஆவது மிக அரிது. 15-க்குக் கீழே போய்விட்டால் ஆபத்து அதிகம், உடனே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால்தான் டாக்டர்களுக்கே குழப்பம்.

என் நாத்தனாருக்கு 32 மில்லிமீட்டர். வாய் மூடியே இருந்தது. சிறுநீரில் கிருமி இருந்தது. 'இந்த இன்ஃபெக்‌ஷனும் வயித்தை இறுக்கும், வெயில்ல உடம்புல தண்ணி குறைஞ்சாலும் இறுகும்' என்று டாக்டரம்மா சொன்னபோது, அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். 'நான் சொன்ன சூடுதானே' என்ற பார்வை! அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் வீட்டில் இருந்தபடி அந்த 32-ஐ யாரால் அளந்திருக்க முடியும்? ஒரு ராத்திரி வார்டிலேயே வைத்திருந்து, காலையில் மறுபடி பார்த்து, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடி மாதம், 39-வது வாரத்தில், 2 கிலோ 900 கிராமில் பெண் குழந்தை பிறந்தது.

அந்த ஒரு ராத்திரி அலைச்சலைப் பற்றி உறவுக்காரர்கள் பேசாத பேச்சு இல்லை. 'வலியும் இல்லை, ஒண்ணும் இல்லை, படிச்ச மருமக பயந்துட்டா' என்றார்கள். பத்தாவது படித்தவளை 'படிச்ச மருமக' என்று சொன்னது எனக்கே சிரிப்பாக இருந்தது.

அவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். குறைமாதத்தில் வலி என்று வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் பெண்களில் பாதிப் பேர் நாள் நிறைந்த பிறகுதான் பெற்றெடுக்கிறார்கள் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் சொல்லியிருக்கிறது. குறைப்பிரசவ வலி என்று டாக்டரே சொன்ன பெண்களில்கூட, ஒரு வாரத்துக்குள் பிரசவம் ஆவது பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவுதானாம். அப்படியானால் ஒன்பது பேர் வீணாக அலைந்தார்களா? அந்த ஒருத்தி யார் என்று வலியை வைத்து மட்டும் டாக்டராலும் சொல்ல முடியாது, மாமியாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இத்தனை சோதனைகள்.

என் நாத்தனார் படுத்திருந்த கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் அந்த ஒருத்தி இருந்தாள்.

திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்தவள். இரண்டாவது கர்ப்பம், 30 வாரம். அவளுக்கு வயிற்று வலி என்று பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு நாளாக இடுப்பு மட்டும் வலித்திருக்கிறது. காட்டில் களை எடுத்த வலி என்று நினைத்திருக்கிறாள். அன்று காலையில் வெள்ளைப்படுதல் சளி மாதிரி, லேசாக ரத்தம் கலந்து போயிருக்கிறது. அவளுடைய முதல் பிள்ளையும் நாள் நிறையாமல் பிறந்தவன் என்பதால், அவள் அம்மா நேரம் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கேயே அட்டையில் வாரத்தைப் பார்த்து, ஒரு ஊசியைப் போட்டு, இங்கே அனுப்பி வைத்திருந்தார்கள். இங்கே ஸ்கேனில் பார்த்தால் 11 மில்லிமீட்டர்!

சத்தம் போட்டு அழுத என் நாத்தனாருக்கு 32, முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்த அவளுக்கு 11. வலி எவ்வளவு என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அவளுக்கு வயிறு இறுகுவதைத் தணிக்க மாத்திரை கொடுத்தார்கள். இந்த மாத்திரையால் பிரசவத்தை மாதக் கணக்கில் தள்ளிப்போட முடியாது. இரண்டு நாள் கிடைத்தால் பெரிது. அந்த இரண்டு நாள் எதற்கு என்றால், ஊசிக்கு. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, 12 மணிக்கு ஒன்றாக நான்கு. தாய்க்குப் போட்டாலும் அது பிள்ளைக்குத்தான் போய்ச் சேர்கிறது. குறைமாதப் பிள்ளைக்கு நுரையீரல் விளைந்திருக்காது, மூச்சுவிடத் திணறும். இந்த ஊசி நுரையீரலைச் சீக்கிரம் தயார் செய்கிறது. முதல் ஊசி போட்டு 24 மணி நேரம் ஆன பிறகு முழுப் பலன், சுமார் ஒரு வாரம் வரை. வலி முற்றி, தலை தெரியும் நேரத்தில் ஓடினால் ஊசி போட நேரம் ஏது?

இந்த ஊசியின் கதை சுவையானது. நியூசிலாந்து நாட்டில் லிக்கின்ஸ் என்ற டாக்டர் ஆடுகளை வைத்து, பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு மருந்து சேர்ந்த குறைமாத ஆட்டுக்குட்டிகள், பிழைக்கவே முடியாத வயதில் பிறந்தும் மூச்சுவிட்டதைக் கவனித்தார். பிறகு ஹவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1972-ல் அதை வெளியிட்டார். ஆடு மேய்க்கிற நம் ஊரில் இதைச் சொன்னால் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள்!

'அவ்வளவு நல்ல ஊசி என்றால், வயிறு வலி என்று வருகிற எல்லோருக்கும் போட்டுவிடலாமே, எதற்கு அளந்துகொண்டு' என்று நான் டாக்டரம்மாவிடமே கேட்டேன். சிரித்தார். அதையும் செய்து பார்த்துவிட்டார்களாம். இந்தியா உட்பட ஆறு நாடுகளின் கிராமப் பகுதிகளில் இந்த ஊசியைப் பரவலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குக் குறைமாதக் குழந்தை பிறக்கவே இல்லை. மொத்தத்தில் பார்த்தால் அந்தப் பகுதிகளில் குழந்தைகளின் சாவு குறையவில்லை, கூடியிருந்தது. தாய்மார்களுக்குத் தொற்றும் அதிகம். ஆனால் 2020-ல், இந்தியாவும் சேர்ந்து ஐந்து நாடுகளில் 29 ஆஸ்பத்திரிகளில் 2,852 கர்ப்பிணிகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் செய்த ஆய்வில், இதே ஊசி நல்ல பலன் கொடுத்தது. 25 தாய்மாருக்குப் போட்டால் ஒரு குழந்தையின் உயிர் மிச்சம் என்று கணக்கு. இங்கே என்ன வித்தியாசம்? வாரத்தை ஸ்கேன் பார்த்துச் சரியாகக் கணக்கிட்டு, குறைப்பிரசவம் ஆகப்போகிறவர்கள் என்று டாக்டர்கள் பார்த்து முடிவு செய்து, பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதி இருந்த ஆஸ்பத்திரிகளில் போட்டார்கள். தேவைப்படுகிறவளுக்குப் போட்டால் மருந்து, தேவையில்லாதவளுக்குப் போட்டால் வம்பு. யாருக்குத் தேவை என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் அதனால்தான் டாக்டர்கள் இத்தனை மெனக்கெடுகிறார்கள்.

வாரம் 24-க்கும் 34-க்கும் நடுவில் இருந்து, குறைப்பிரசவ அறிகுறி இருந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே கிராம சுகாதார செவிலியர் முதல் ஊசியைப் போட்டு அனுப்பலாம் என்று மத்திய அரசு 2014-ல் வழிமுறை கொடுத்திருக்கிறது. திருச்சுழிப் பெண்ணுக்கு அப்படிக் கிடைத்ததுதான் அந்த முதல் ஊசி.

ஸ்கேன் தவிர இன்னொரு சோதனையும் உண்டு என்று அக்கா மகள் சொன்னாள். எல்லா ஆஸ்பத்திரியிலும் இது இருப்பதில்லை. பிள்ளையைச் சுற்றியிருக்கும் சவ்வையும் கர்ப்பப்பையின் உட்சுவரையும் ஒட்டவைத்துக்கொண்டு ஃபைப்ரோநெக்டின் என்று ஒரு புரதம் இருக்கிறது. சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி. ஆறாம் மாசம் முதல் எட்டாம் மாசம் வரைக்கும் அந்தப் பசை கீழே கசிந்து வரக்கூடாது. வந்தால், ஒட்டு விடுகிறது என்று அர்த்தம். பஞ்சுக் குச்சியால் உள்ளிருந்து கொஞ்சம் ஈரத்தைத் தொட்டு எடுத்து இதைப் பார்க்கிறார்கள். குறைப்பிரசவத்தை முன்கூட்டிச் சொல்ல இது உதவும் என்று 1991-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். இதே போல வேறு புரதங்களைப் பார்க்கும் சோதனைகளும் பின்னால் வந்தன.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம் ஒன்று. பசை கசியவில்லை என்று வந்தால், 'அடுத்த ஒரு வாரம் பயமில்லை' என்று அனேகமாக அடித்துச் சொல்லலாமாம். நூற்றில் 99 பேருக்கு அது சரியாக இருக்கும். ஆனால் கசிகிறது என்று வந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அந்த வாரம் பிரசவம் ஆவதில்லை! 'அப்ப இது என்னடி சோதனை?' என்றேன். 'சித்தி, இது வரும்னு சொல்ற சோதனை இல்லை, வராதுன்னு சொல்ற சோதனை' என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுவே பெரிய உதவிதான். வராது என்று தெரிந்தால் ஊசி, மாத்திரை, வார்டு வாசம் எதுவும் இல்லாமல் தைரியமாக வீட்டுக்குப் போகலாம்.

இந்தச் சோதனைக்கு ஒரு பத்தியம் உண்டு. ரத்தப்போக்கு இருந்தாலோ, முந்தின 24 மணி நேரத்துக்குள் தாம்பத்திய உறவு இருந்திருந்தாலோ முடிவு தப்பாக வரலாம். கையை விட்டுப் பார்ப்பதற்கு முன்பே பஞ்சுக் குச்சியால் எடுத்துவிட வேண்டும். நர்ஸம்மா 'வீட்டுக்காரரோட இருந்தியாம்மா' என்று கேட்டால் வெட்கப்பட்டு 'இல்லை' என்று பொய் சொல்லக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அடுத்த கட்டில் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். நாங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் ராத்திரி அவளுக்குப் பிரசவம் ஆகிவிட்டது. நான்கு ஊசியும் முடிந்திருந்தது. ஆண் குழந்தை, 1 கிலோ 300 கிராம். பிறந்ததும் அழுதானாம். அவள் அம்மா என்னிடம் ஃபிளாஸ்க் இரவல் வாங்கியிருந்ததால் போன் நம்பர் கொடுத்திருந்தேன், அவர்தான் சொன்னார். பச்சிளம் குழந்தைப் பிரிவில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் தேறியதும் தாயின் மார்போடு தோல் படும்படி கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கங்காரு முறை என்று இதற்குப் பெயர். 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய வழக்கமாம். 2022 முதல், முடிந்தவரை பிறந்த உடனேயே இதை ஆரம்பிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் பிள்ளையோடு வீட்டுக்குப் போனார்கள்.

நாங்கள் புறப்பட்ட அன்று காலையில் அத்தை டாக்டரம்மாவிடம் தனியாகப் போய் ஒன்று கேட்டார். 'ஏழுல பெறந்தாத் தங்கும், எட்டுல பெறந்தாத் தங்காதுங்கிறாகளே, நெசமா தாயி?' டாக்டரம்மா, 'அப்படி எதுவுமே இல்லை பாட்டி. பிள்ளை வயித்துக்குள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் அதுக்கு லாபம். ஏழாம் மாசப் பிள்ளையைவிட எட்டாம் மாசப் பிள்ளை பொழைக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்துல ஊசியும் இல்லை, இந்த வார்டும் இல்லை' என்றார். அத்தை ஒன்றும் பேசவில்லை. வீடு வந்து சேரும்வரை மகளின் கையை விடவும் இல்லை. எட்டு என்று சொல்லி எத்தனை தாய்மாரை ஆறுதல்படுத்தினார்களோ, எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்தார்களோ!

உலகம் முழுவதும் 2020-ல் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் முடிவதற்கு முன் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் சுமார் 30 லட்சம் நம் இந்தியாவில். மற்ற எந்த நாட்டையும்விட இங்கேதான் அதிகம். முதல் பிள்ளை குறைமாதத்தில் பிறந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், கர்ப்பப்பை வாய் குட்டையாக இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள், அதில் தையல் போட்டுக்கொண்டவர்கள் ஆகியோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் என் நாத்தனார் போல எந்தக் காரணமும் இல்லாதவர்களுக்கும் வரலாம்.

கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் மாசக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'எட்டு மாசம்' என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதத்தின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். ஆரம்பத்தில் எடுத்த முதல் ஸ்கேன் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், வாரத்தைச் சரிபார்க்க அதுதான் உதவும். 37 வாரத்துக்கு முன், ஒரு மணி நேரத்தில் ஆறு தரம், அல்லது பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வயிறு இறுகினால் கிளம்பிவிட வேண்டும். மாதவிலக்கு வலி மாதிரி அடிவயிறு இழுப்பது, விட்டு விட்டு வரும் இடுப்பு வலி, பிள்ளை கீழே அழுத்துகிற மாதிரி உணர்வு, வெள்ளைப்படுதல் திடீரென்று தண்ணீராகவோ சளியாகவோ மாறுவது இவையெல்லாமும் அறிகுறிதான். தண்ணீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளை துடிப்பு குறைந்தாலோ மணி பார்க்கக்கூட நிற்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இலவசமாக ஓடுகிறது. ராத்திரி என்று தயங்க வேண்டியதில்லை. பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிரப் பிரிவு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று ஏழாம் மாசமே சுகாதார செவிலியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே அங்கே போய்விடுவது நல்லது என்று டாக்டரம்மா இரண்டு தரம் சொன்னார். அட்டை, ஸ்கேன் சீட்டுகள், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஆணியில் மாட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது என் ஓரகத்திக்கு ஆறாம் மாசம். பை மாட்டியாயிற்று. மாட்டியவர் அத்தை.

- ஓர் இல்லத்தரசி, அருப்புக்கோட்டை.